மூன்றாம் முறை பூ கேட்டபோது

எதற்கெடுத்தாலும் பதறும் ஆள் நான். கொடைக்கானல் மலைக் கிராமமான கவுஞ்சியில் பூண்டு விவசாயம் செய்கிறோம். விதைக்கலாமா, மகளை வெளியூர் அனுப்பலாமா என்று எல்லாவற்றுக்கும் முருகன் கோயிலில் பூ கேட்பேன். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்துப் போடுவார்கள். எடுத்ததில் வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம்.

ஒரு காலை, பூண்டுக் காட்டில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த என் கணவர் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார். முந்தின நாள் நல்ல மழை. ஆஸ்பத்திரிக்குப் போகும் கொடைக்கானல் பாதையில் மண் சரியுமோ என்ற பயத்தில் கோயிலுக்கு ஓடி, விஷயத்தைச் சொல்லாமலே பூ கேட்டேன். இரண்டு முறையும் சிவப்புதான் வந்தது.

பூசாரி எனக்கு அண்ணன் மகன் முறை. "அப்படி என்னதான் கேக்குறீங்க அத்தை?" என்றான்.

"மாமா மயங்கிக் கெடக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமான்னு... இன்னொருக்கா போடுப்பா."

"நல்லாருக்கு! சாமி வந்து ஜீப் ஓட்டுமா? வெரசா வாங்க!" என்று தன் ஜீப்பை எடுக்க எனக்கு முன்னால் ஓடினான்.

பாதையில் ஒரு தடையும் இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். போகும்போது ஜீப்பில் கணவரின் தலையை மடியில் வைத்து, "முருகா, முருகா" என்று சொல்லச் சொல்லத்தான் என் பதற்றம் அடங்கியது.

பயம் இன்னும் போகவில்லை. கோயிலுக்குப் போகிறேன், பூ கேட்பதில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் வண்டியில் ஏற்றுகிறேன். முருகனைப் போகிற வழியில் கூப்பிட்டுக்கொள்கிறேன்.