கோலியாத்தின் இடது கண்

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது அந்த வீடியோவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒரு நிமிஷம்கூட ஓடாது. அப்பா தன் பழைய போனில் எடுத்தது, ஆடிக்கொண்டே இருக்கும். 'நம்ம வீட்டுத் தாவீது' என்று மேலே எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக வைத்து அனுப்புவார்கள். நானும் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

அந்தத் தாவீது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

தாவீதைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆடு மேய்த்தார், சுரமண்டலம் வாசித்தார், கோலியாத்தை ஒரே கல்லில் சாய்த்தார், ராஜாவானார், கடவுளைப் பற்றி நிறையப் பாட்டுக் கட்டினார். சண்டே கிளாசில் அத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். மிச்சக் கதை பிள்ளைகளுக்கு ஆகாது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த மிச்சம்தான் தேவைப்பட்டது.

தெற்கே இருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. டெய்லராக வந்த அப்பா, பிறகு முதலிபாளையத்தில் பன்னிரண்டு மிஷின் போட்டு பனியன் தைக்கும் யூனிட் வைத்தார். பன்னிரண்டு மிஷினுக்கு முதலாளி என்றால் திருப்பூரில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எங்கள் சின்னச் சபையில் அப்பாவுக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு. அந்த நாற்காலியின் பெருமையில் பாதியை நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளில் நாடகம் போடுவது வழக்கம். அப்பாவின் தங்கையான அத்தைதான் டீச்சர். அந்த வருஷம் தாவீதும் கோலியாத்தும் என்று முடிவானது. தாவீதுக்கு வசனம் நீளம் என்பதால் பையன்கள் நழுவிக்கொண்டார்கள். எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். எல்லோருக்கும் உடுப்புத் துணி எங்கள் யூனிட்டிலிருந்து வருகிறது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கோலியாத்துக்கு ஆள் தேடவே வேண்டியதில்லை. யூனிட்டில் துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் ஒரு ஜார்கண்ட்காரர் இருந்தார். எழுந்து நின்றால் ட்யூப்லைட்டில் தலை இடிக்கும். அவரும் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நாங்கள் தமிழில் பாடும் ராகத்திலேயே தன் பாஷையில் முணுமுணுப்பார். எல்லோரும் அவரைப் 'பையா' என்று கூப்பிடுவோம். இந்தியில் அண்ணன் என்று அர்த்தமாம். அவர் பெயரை நான் கேட்டதில்லை, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒத்திகையில்தான் என் மானம் போனது. கல்லுக்குப் பதிலாகப் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி நூல் சுற்றிய ஓர் உருண்டையை அத்தை செய்து தந்திருந்தார். கழுத்துப்பட்டி தைக்கும் துணியில் ஒரு கவண். சுற்றி எறிந்தால் உருண்டை நாலடி போய்த் தொப்பென்று விழும். அது விழும்போதே பையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். ஒத்திகை பார்க்கத் தினமும் வரும் சேவூர்க்கார அம்மா ஒருவர் இருந்தார். அவருக்கு அது பெரிய வேடிக்கை.

"ஏனுங்க டீச்சர், கல்லு போறக்கு முந்தியே ஆளு உளுந்துட்டாருங்களே! கண்ணு, நீ சும்மா கையை ஆட்டுனாலே போதுமாட்ட இருக்குது."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பையாவும் தரையில் படுத்தபடியே சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது.

"விடுட்டி, பந்து போனா என்ன, போகாட்டி என்ன? அவரு பாத்து விழுந்துக்கிடுவாரு" என்றார் அத்தை.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பார்த்து விழ வேண்டாம், நான் வீழ்த்த வேண்டும்.

தையல் மிஷினுக்கு அடியில் மாட்டும் பாபின் கேஸ் என்று ஒன்று உண்டு. நெல்லிக்காய் அளவு இரும்புக் கிண்ணம், அளவுக்கு மீறிய கனம். அதில் ஒன்றை எடுத்து உருண்டைக்குள் வைத்து, பழையபடி நூலைச் சுற்றினேன். யூனிட்டுக்குப் பின்னால் இருந்த தகர டிரம்மில் எறிந்து பார்த்தேன். கவண் அழகாகச் சுழன்றது, உருண்டை நேராகப் போனது. டிரம்மில் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியை நான் விரலால் தடவிப் பார்த்தேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நாடகத்தன்று சபை நிறைந்திருந்தது. பையா தலையில் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியை வெட்டி அத்தை செய்த தலைக்கவசம், கையில் துணி காயப்போடும் கம்பு. நான் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். கவணைச் சுற்றி விட்டேன்.

உருண்டை அவருடைய இடது கண்ணில் பட்டது. அவர் மரம் சாய்கிற மாதிரி விழுந்தார். சபையே எழுந்து கைதட்டியது. கோலியாத்தின் மார்பில் காலை வைத்து தெர்மக்கோல் வாளைத் தூக்க வேண்டும் என்பது அத்தையின் ஏற்பாடு. நான் காலை வைத்தேன். வலது கையால் முகத்தை மூடியிருந்தார், விரலிடுக்கில் ரத்தம். மறு கண்ணால் என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "டீக் ஹே, பாப்பா" என்றார். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

நான் வாளைத் தூக்கினேன். கடைசிப் பாட்டு முடிகிறவரை அவர் அசையாமல் கிடந்தார்.

கூட்டம் கலைந்ததும் உருண்டையைத் தேடினேன். காணவில்லை. எங்கேயோ உருண்டு போயிருக்கும், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கண் வீங்கிக்கொண்டு வந்தது. என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டபோது பையா தலைக்கவசத்தைக் காட்டினார். "கீழே விழுந்தது. பின் குத்திச்சு."

அட்டையை இணைக்க ஸ்டேப்ளர் பின் அடித்தது அத்தை. அவர் முகம் வெளுத்துப்போனது. "நான்தான் பின்னை ஒழுங்கா மடக்காம விட்டுட்டேன்" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகு அத்தை நாடகமே போடவில்லை. இன்றும் அந்த வீடியோ வரும் நாளில் எனக்குப் போன் செய்து அந்தப் பின்னைப் பற்றிப் பேசுவார். நான் "விடுங்க அத்தை" என்பேன், பெரிய மனசுக்காரி மாதிரி.

கண் ஆஸ்பத்திரிச் செலவை அப்பா ஏற்றார். சபையில் அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் பையாவுக்கு இடது கண்ணில் புகை மூட்டமாகவே தங்கிவிட்டது. ஓவர்லாக் மிஷினில் நூல் கோப்பது நல்ல கண் உள்ளவர்களுக்கே சிரமம். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கோப்பார், தையல் ஓரம் விட்டு ஓடும்.

"பீஸெல்லாம் ரிஜெக்ட் ஆகுது, நான் என்ன செய்ய?" என்றார் அப்பா. பையாவைப் பண்டல் தூக்கும் வேலைக்கு மாற்றினார். டெய்லராக இருந்தவர் லோடு ஏற்றினார்.

ஒருநாள் சாயங்காலம் அப்பாவின் கண்ணாடி அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பையா தனியாக உள்ளே வந்து என் நோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தார். பாபின் கேஸ். துடைத்து எண்ணெய் போட்டிருந்தது.

"பாப்பா, மிஷின் சாமான். கீழே இருந்துச்சு."

வலது கண் எனக்கு நேராக வரும்படி முகத்தைத் திருப்பிச் சிரித்தார். நான் அதை எடுத்து டிராயருக்குள் போட்டேன். இந்த ஆளுக்கு ஒன்றுமே புரியவில்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். நாடகத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஓவர்லாக் மிஷினுக்கு வேறொருவர் வந்தார். அவரையும் பையா என்றே கூப்பிட்டோம்.

தாவீதின் மிச்சக் கதையைக் கல்லூரி நாட்களில் ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். அவருடைய படையில் உரியா என்று ஒருவன், அந்நிய தேசத்தான், விசுவாசமானவன். அவன் மனைவியை ராஜா எடுத்துக்கொண்டார். அதை மறைக்க, அவனைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பினார். தீர்க்கதரிசி ஒருவர் வந்து முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் ராஜா உடைந்து அழுதார், அந்த அழுகையையும் பாட்டாக்கினார். என்னிடம் யாரும் வந்து சொல்லவில்லை. நானும் அழவில்லை.

அன்று விடுதி அறைக்கு வந்து, அந்த வீடியோவை முதல்முறையாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் என்மேல் அன்பு வைத்துத்தான் மறைத்தார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதி. முதலாளி மகள் எறிந்தது என்று அந்த மனிதர் எந்த மொழியில், யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வீடியோவில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. கண்ணில் பட்ட உருண்டை அவருக்குப் பக்கத்தில் விழுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவருடைய இடது கை தரையைத் தடவி அதைக் கண்டெடுக்கிறது. விரல்கள் ஒரு கணம் அழுத்திப் பார்க்கின்றன. பிறகு அதை முதுகுக்கு அடியில் தள்ளி, அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் தாவீது வந்து மார்பில் காலை வைக்கிறாள், நன்றாக அழுத்தி. அவர் உடம்பு ஒருமுறை நெளிகிறது. நன்றாக நடிக்கிறார் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.