நம்பரக்கா கழற்றிய பதினோரு தகடுகள்

நகராட்சியில் அவளை நம்பரக்கா என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பணிப்பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

வீடுகளுக்குக் கதவு எண் தகடு மாட்டுவது அவள் வேலை. நீலத் தகடு, வெள்ளை எழுத்து, நான்கு மூலையிலும் திருகாணி. தோளில் ஒரு கான்வாஸ் பை, கையில் ஒரு மடக்கு ஸ்டூல். குழாய்ப் பிரிவில் வேலை பார்த்த கணவன் குழிக்குள் மண் சரிந்து போய்ச் சேர்ந்தபோது, வாரிசு வேலையாகக் கிடைத்தது இது. பத்தொன்பது வருடங்களில் அவள் கை படாத வாசல் அந்த ஊரில் இல்லை.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுத் தகடு பைக்குள் இல்லாமல் பழைய தகட்டின் மேல் திருப்புளியை வைக்கவே மாட்டாள். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் சரி, வீட்டுக்காரர் கெஞ்சினாலும் சரி. "எண் இல்லாத வீடு பேர் வைக்காத புள்ள மாதிரிங்க. யார் வேணா என்ன வேணா சொல்லிக் கூப்பிட்டுக்கலாம்" என்பாள். மாற்றுத் தகடு இல்லாமல் கழற்றுவது இடித்துத் தரைமட்டமான வீட்டுக்கு மட்டும்தான். எந்தத் தகட்டைக் கழற்றினாலும் காரணம் எழுதிய ஒரு சீட்டு வேண்டும். இடிக்கப்பட்டது என்ற காரணத்தோடு, கழற்றியவள் கையெழுத்துப் போட்டுத் தகட்டோடு கிடங்கில் கொடுத்துவிட்டால், பதிவேட்டில் அந்த வீட்டின் மேல் சிவப்புக் கோடு விழும். அத்தோடு அந்த வீட்டின் கதை முடிந்தது.

அந்தப் பிடிவாதத்தை அவள் ஒரே ஒருமுறைதான் தளர்த்தினாள். கேட்டது அவள் தம்பி.

தம்பி என்று சொன்னால் போதுமா? அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவனுக்குத் தலை துவட்டியது அவள், காய்ச்சலுக்குக் கண் விழித்தது அவள், கையைப் பிடித்து எழுதப் பழக்கியதும் அவள். அவளுக்கென்று ஒரு குழந்தை பிறக்கவில்லை. "அதான் ஒண்ணு இருக்கே, மீசை வச்ச குழந்தை" என்று கணவன் இருந்த காலத்தில் கேலி செய்வான். அந்த மீசை வைத்த குழந்தை படித்துத் தேறி, அதே நகராட்சியில் திட்டப் பிரிவு அதிகாரியாக வந்து உட்கார்ந்த நாளில், அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை.

அவள் குடியிருந்தது ஊரின் கடைசித் தெரு. பதினோரு வீடுகள். அதற்குப் பின்னால் வெறும் பொட்டல். அந்தப் பொட்டலில் எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்தபோது தெருவே நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்தது. மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்த பிறகு நகர மன்றம் தீர்மானம் போட்டது: குடியிருக்கும் வீட்டிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் எண்ணெய்க்கோ எரிவாயுவுக்கோ துளை போடக் கூடாது. அந்தத் தீர்மானத்தை எழுதியது யார்? அவள் தம்பிதான். சங்கிலி பிடித்து அளந்தவனும் அவன்தான். கிணற்றுக்குக் குறித்த இடத்திலிருந்து தெருவின் கடைசி வீடான அவள் வீட்டுக்கு நூற்று நாற்பது மீட்டர்.

"உன் தம்பி இல்ல அக்கா, எங்க எல்லாருக்கும் தம்பி" என்று அதே தெருத் தையல்காரர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். எதிர்வீட்டு டிரைவர் மனைவி அப்போது நிறைமாதம். "இனி நிம்மதியாப் பெத்துக்குவேன்" என்றாள்.

இரண்டு வருடம் போனது.

ஒரு மத்தியானம் தம்பி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். மின்விசிறியைத் தானே எழுந்து அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"அக்கா, உங்க தெருவுக்குப் புது எண் வரப்போகுது. பழைய தகடெல்லாம் கழட்டிடு."

"புதுசு எங்கடா?"

"அச்சுல இருக்கு. ரெண்டு வாரத்துல வந்துடும்."

"வரட்டும். வந்ததும் ஒரே நடையில முடிச்சுடறேன்."

"பழைய தகடு கிடங்குக்கு வந்தாத்தான் புதுசையே தருவாங்களாம். புது நடைமுறை. என்னக்கா, என்னையே நம்ப மாட்டியா?"

இந்த ஒரு கேள்விக்கு எந்த அக்காவால் பதில் சொல்ல முடியும்?

"சீட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுத?" என்று கேட்டாள்.

"அதை விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தன் தெருவிலேயே இறங்கினாள். தையல்காரர் கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார்.

"என்னக்கா, நம்பரைக் கழட்டறீங்க? என் பொண்டாட்டி வீடு தெரியாம வேற வீட்டுக்குள்ள போயிட்டா என்ன பண்றது?"

"போனா நல்லதுதானே தம்பி. பாவம், அவளுக்கும் ஒரு விடிவுகாலம் வரட்டும்."

உள்ளேயிருந்து தையல்காரர் மனைவி, "அக்கா வாய்க்குச் சர்க்கரை போடணும்!" என்று கத்தினாள். தெருவே சிரித்தது. டிரைவர் மனைவி இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நம்பரக்கா கழற்றுகிறாள், நம்பரக்கா மாட்டுவாள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். பதினோராவதாகத் தன் வீட்டுத் தகட்டைக் கழற்றியபோது, அதன் பின்னால் சுவரில் வெயில் படாத ஒரு சதுரம் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கு என்னவோ போலிருந்தது. துடைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் பதினோரு சீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கிடங்கில் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் மூன்றானது. புதுத் தகடு வரவில்லை. லாரிகள் வந்தன.

பொட்டலைச் சுற்றித் தகர வேலி எழுந்தது. ரிக் என்று அவர்கள் சொல்லும் இரும்புக் கோபுரத்தைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். டிரைவர் மனைவி துவைத்துக் காயப்போட்ட குழந்தைத் துணிகளில் சிவப்புப் புழுதி படிந்தது. நம்பரக்கா தம்பிக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் பார்க்கப் போனால், "சார் மீட்டிங்ல இருக்காரு" என்றான் பியூன். மூன்றாம் நாளும் அதே மீட்டிங்.

அடுத்த நகர மன்றக் கூட்டத்துக்குத் தெருவே திரண்டு போனது. அவளும் போனாள். தம்பி அங்கே எழுந்து நின்று கம்பெனியைக் கிழிகிழியென்று கிழிக்கப்போகிறான் என்றுதான் அந்தப் பைத்தியக்காரி நம்பினாள்.

தையல்காரர் முதலில் எழுந்தார். "அம்மா, எங்க தெருவுல இருந்து நூத்தி நாப்பது மீட்டர்தான். நீங்க போட்ட தீர்மானம் முந்நூறு. இது என்ன நியாயம்?"

நகர மன்றத் தலைவியம்மா கோப்பைப் புரட்டினார். "பதிவேட்டுப்படி அங்க வீடே இல்லையே? பதினோரு வீடும் இடிச்சாச்சுன்னு இருக்கு."

"இடிச்சாச்சா? அப்போ காலையில நான் எந்த வீட்டுல இருந்தும்மா கிளம்பி வந்தேன்?"

மண்டபம் சிரித்தது. தலைவியம்மா சிரிக்கவில்லை. திட்டப் பிரிவு அதிகாரியைப் பார்த்தார். தம்பி எழுந்தான். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"பதிவேட்டில் எண் உள்ள கட்டடம்தான் வீடு என்று தீர்மானத்திலேயே இருக்கிறது. அனுமதி வழங்கிய தேதியில் அந்தத் தெருவில் எண் எதுவும் இல்லை. பதினோரு சீட்டும் இதோ."

ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினான். ஒவ்வொன்றிலும் கீழே அவளுடைய கோணல் கையெழுத்து. தெருவின் தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. அந்தப் பார்வைகளைத் தாங்குவதைவிட அந்த மண்டபம் அவள் தலையில் இடிந்து விழுந்திருக்கலாம்.

அவள் எழுந்தாள். "டேய் தம்பி... நீ சொல்லித்தானேடா கழட்டினேன்? புது எண் வருதுன்னு சொன்னியேடா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. தலைவியம்மாவைப் பார்த்தே சொன்னான்.

"அந்தப் பணியாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டின்படிதான் எங்கள் பிரிவு நடவடிக்கை எடுத்தது."

அந்தப் பணியாளர்! கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளுக்கு அவன் கொடுத்த பெயர் அது.

"எழுத்துல உத்தரவு ஏதாவது இருக்கா உங்ககிட்ட?" என்று தலைவியம்மா கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கூடப் பிறந்தவனிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

கூட்டம் அன்று இப்படி முடிவு செய்தது: கொடுத்த அனுமதி கொடுத்ததுதான். வீடுகள் இருந்தால் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம்; ஆனால் அவை கிணற்றுக்குப் பிறகு வந்த வீடுகளாகவே கருதப்படும். "நாப்பது வருஷ வீடு, இப்பதான் பொறந்திருக்காம்! பேர் வைக்க எல்லாரும் வாங்க!" என்று தையல்காரர் கத்தியதற்குக் காவலர் அவரை வெளியே கொண்டுபோய் விட்டார். மறுநாள் நம்பரக்காவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். காரணம், தவறான சீட்டுக் கொடுத்தது.

தெருவில் யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. அவளைப் பார்த்ததும் கைநீட்டித் தாவும் குழந்தையை டிரைவர் மனைவி சட்டென்று தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தையல்காரர் மட்டும் கடைக்குள்ளிருந்தே கேட்டார்: "தம்பி வாழணும்னு பதினோரு குடும்பத்தைத் தலை முழுகிட்டியே அக்கா. உன்னையும் சேர்த்து எண்ணினியா, இல்ல பத்துதானா?"

நான்காம் நாள் மத்தியானம் தம்பி வந்தான். கையில் ஒரு பழப்பை. வேலிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிய அதிர்வில் அவள் வீட்டு அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சிலுசிலுத்தன. அவன் கட்டிலில் உட்கார்ந்தான். அவள் அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

"என்னை மன்னிச்சுடுக்கா. மேல இருந்து நெருக்கினாங்க. நான் செய்யலன்னா இன்னொருத்தன் செஞ்சிருப்பான். அந்த நாற்காலியும் அவனுக்குப் போயிருக்கும்."

"எந்த நாற்காலி?"

"துணை ஆணையர். அடுத்த மாசம் உத்தரவு வருது."

"சீட்டுல இடிக்கப்பட்டதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"ஆள வச்சு எழுதலையே?"

"இல்லக்கா. என் கையாலதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாவட்ட மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு உங்க தெருக்காரங்க போறாங்களாம்" என்றான் அவன் மெதுவாக. "சாட்சி இல்லாம அது நிக்காது. நீ வாயைத் திறந்தா எழுத்தைப் பொருத்திப் பார்ப்பாங்க. அத்தோட நான் தொலைஞ்சேன். ஜெயில்கூட உண்டு. நீ என் வீட்டுக்கே வந்துடுக்கா. மாடியில தனி அறை ஒழிச்சு வச்சிருக்கேன். இந்தச் சத்தம், புழுதி எதுவும் அங்க கிடையாது."

"மத்த பத்து வீடு?"

அவன் பழப்பையின் முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தான்.

"உனக்கு நான் மட்டும்தானேக்கா இருக்கேன்?"

"ஆமாண்டா" என்றாள் அவள். "அதனாலதான் உன்னால இதைச் செய்ய முடிஞ்சுது. எந்திரிச்சுப் போ. பையை எடுத்துட்டுப் போ."

அவன் போன பிறகு அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்ற கூச்சமெல்லாம் அன்று இல்லை. முப்பத்து மூன்று வருடம் வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்தவள் வேறு எப்படி அழுவாள்?

விடிந்ததும் தையல்கடை வாசலில் போய் நின்றாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மனு கொடுக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு? அங்க போயும் தம்பிக்குப் பரிஞ்சு பேசவா?"

"சாட்சி சொல்ல."

மெஷின் நின்றது. அவர் நிமிர்ந்தார். "கூடப்பிறந்தவன்க்கா. நாளைக்கு எங்களைத் திட்டக் கூடாது."

"திட்டமாட்டேன்."

"நீ சொல்றதை நம்பிக் கிளம்பறது எனக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு தடவை நம்பியாச்சு."

"தெரியும். நம்ப வேணாம். பக்கத்துல உக்காந்து கேளுங்க."

அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் அவளுக்கு இரண்டு வரிசை தள்ளித்தான் உட்கார்ந்தார்.

மேல்முறையீட்டு அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு இளம் எழுத்தர் அவள் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தாள். தேதி, நேரம், தம்பி அறையில் நடந்த பேச்சு, நிரப்பாமல் விட்ட கட்டம், அதைத் தன் கையாலேயே நிரப்பியதாக அவன் வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டது. நம்பரக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. புதுத் தகடு இல்லாமல் கழற்றியது தன் தப்பு என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

"இதனால உங்க வேலை நிரந்தரமாப் போகலாம்மா" என்றாள் எழுத்தர்.

"போகட்டும் கண்ணு."

"கிணத்தை உடனே நிறுத்திடுவாங்கன்னும் சொல்ல முடியாது. விசாரணை வர மாசக்கணக்காகும்."

"சரி."

"கடைசியா ஒண்ணு. எதிர்மனுதாரர், திட்டப் பிரிவு அதிகாரி. அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு உண்டா?"

தையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லை என்று சொல்லிவிட்டால்கூட யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"உண்டும்மா" என்றாள். "என் தம்பி. நான் வளர்த்த பையன்."

எழுத்தர் தட்டச்சு செய்து முடித்துத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். நம்பரக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள்.