‘மாதிரி’ என்று மட்டும் எழுதிய ஸ்டெல்லா அக்கா

மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது மடுல்கெல்லயில் இருக்கும் ஸ்டெல்லா அக்காவின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா போய்விட்டார். அன்று அழுதேன். இரங்கல் கூட்டத்துக்குப் போய் வந்தபின் ஆத்திரம்தான் மிச்சம்.

கண்டியில் எங்கள் சிறிய அருங்காட்சியகத்தின் தொல்லெலும்புகளை வகைப்படுத்தியவர் அவர். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டியில் ஒரு பாதிப் பல்லும் உடைந்த வாலெலும்பும் இருந்தன. இரு காலில் நடந்து இரை பிடித்த தெரோபோட் டைனோசருடையவை என்று எங்கள் மேலதிகாரியான பணிப்பாளர் துள்ளினார்.

"புது இனம்னு ஒரு பேர் வச்சிருவோம் ஸ்டெல்லா!"

அக்கா லென்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்த ரம்பப் பல்லு அந்தக் காலத்து முதலைக்கும் இருந்துச்சு சார். எலும்புல அடையாளம் இருக்க வேண்டிய எடமே உடைஞ்சு போச்சு. ஆய்வுக்கு வர்ற துண்ட ‘மாதிரி’ன்னுதானே சொல்றோம்? அப்ப ‘மாதிரி இருக்கு’ன்னு மட்டும் சொல்லுவோம்."

"பேர் வைக்க உங்களுக்குப் பயம்."

"ஞானஸ்நானம் குடுக்க முந்தி புள்ள யாருதுன்னு தெரியணுமே சார்."

அட்டையில் அவர் எழுதியது: ‘தெரோபோட் மாதிரி. இனம் தெரியாது.’

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. மாமியார் ஒரு நோயின் பெயரைச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரி இன்னொன்றை. மீதியை நானே இணையத்தில் தேடிப் பயந்தேன். அக்கா அதட்டினார்: "ஒரு துண்ட வச்சு முழுப் புள்ளைக்கும் பேர் வைக்காத. டொக்டர் பாக்கட்டும், வா." பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து, பிள்ளையை மடியில் வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவரின் இரங்கல் கூட்டத்தில் பணிப்பாளர் அறிவித்தார்: "அந்தப் புதிய டைனோசருக்கு ஸ்டெல்லாவின் பெயரையே சூட்டுகிறோம்." அவரோடு ஒரே மேசையில் தேநீர் குடித்த சக ஊழியர்களே, நீங்களும் கைதட்டினீர்கள். வாழ்நாளெல்லாம் மறுத்த பொய்யை, மறுக்க வாயில்லாத நாளில் அவர் தலையிலேயே கட்டுவதா மரியாதை?

புதிய அட்டை எழுதும் வேலை என்னுடையது. ஆதாரம் கேட்டேன்.

"செத்தவங்களுக்குச் செய்ற மரியாதைக்கு என்னம்மா ஆதாரம்? எழுதுங்க."

வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேச என்னால் முடியாது. எனக்குப் பிள்ளை இருக்கிறான். ஆனாலும் எழுத மாட்டேன். அக்காவின் பழைய அட்டையையே கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டேன்.

இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கும் மகன் நேற்று சுவரிலிருந்த பல்லியைக் காட்டி, "முதலை மாதிரி" என்றான்.

அக்கா விட்டுப்போன சொல் என் வீட்டில் இருக்கிறது. அந்த அட்டையிலும் இருக்கும்.