பூஜையில் வைத்த பாசி மெஷின்

போன வருஷம் ஆயுத பூஜை அன்று காலையில், தாராவியில் எங்கள் தையல் யூனிட்டில் நடந்தது இது.

கீழே யூனிட், மேலே வீடு. யூனிட்டின் ஒரு மூலையில், துணி வெட்டும் மேஜைக்குப் பக்கத்தில், என்னுடைய கடல் இருக்கிறது. கண்ணாடித் தொட்டிதான். ஆனால் உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர், பவளங்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன். மாடித் தளம் அந்தக் கனத்தைத் தாங்காது என்பதால் கீழேயே வைத்துவிட்டேன். “மாஹிம் கடல் கூப்பிடு தூரத்துலதானே இருக்கு, ஒரு குடம் மொண்டு ஊத்த வேண்டியதுதானே?” என்று கேட்காத ஆள் இல்லை. அந்தத் தண்ணீரை ஊற்றினால் என் மீன்கள் அன்றைக்கே மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புப் பொடியை அளந்து கலக்கித்தான் ஊற்றுகிறேன்.

யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மொபைலில் பார்த்தேன், செய்தேன், கெடுத்தேன், மறுபடி செய்தேன். ஆரம்பத்தில் பெரிய எதிரி பாசிதான். மீன் கழிவில் தண்ணீர் சத்தேறி, பவளத்தின் மேலெல்லாம் பச்சை முடியாகப் படர்ந்து மூச்சை அடைக்கும். முள்ளை முள்ளால் எடு என்பார்கள் இல்லையா, அதே கதைதான் இதற்கும். பாசிக்குத் தனியாக ஓர் இடம் கொடுத்து, வெளிச்சமும் ஓடுகிற தண்ணீரும் காட்டினால், சத்தையெல்லாம் அது அங்கேயே இழுத்துக்கொண்டு வளரும். வாராவாரம் சுரண்டி எறிந்தால் தொட்டி சுத்தம். ஒரு மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும், அதுதான் விதை.

அதற்கு ஒரு பிளாஸ்டிக் வலை தேவைப்பட்டது. வளர்ப்பு மீன் விற்கிற கடை கடையாகக் குர்லா வரை அலைந்தேன். கடைசியில் பார்த்தால், உல்லன் நூல் கோத்துப் பை பின்னுவோமே, அந்த வலையேதான்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். ரம்பத்தால் அதைச் சொரசொரப்பாக்கி, ஓர் அரிசி டப்பாவுக்குள் தொங்கவிட்டு, மேலே தண்ணீர் வழிய நீளமாகக் கீறிய குழாய், கீழே சின்ன மோட்டார், இரண்டு பக்கமும் செடி வளர்க்கிற சிவப்பு லைட். கொஞ்ச நாளில் வலை முழுக்கப் பச்சைப் புல்வெளி. தொட்டியோ பளிங்கு.

இதைப் பார்த்து அதிகம் கிண்டல் செய்தது என் கொழுந்தன்தான். எங்கள் யூனிட்டின் கட்டிங் மாஸ்டர். “மதினி, ஊர்ல உள்ளவுக எல்லாம் பாசியச் சொரண்டி எறியுதாக. நீங்க லைட்டப் போட்டு வளக்கீய. சாக்கடைக்குப் போயி கரண்டு பில்லு கட்டுத ஆளு பம்பாயிலேயே நீங்கதான்!”

ஆனால் ஆயுத பூஜை என்றால் அவர் வேறு மனுஷன். அன்று யூனிட்டில் ஒரு நூல்கூட அறுக்கக் கூடாது. மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் வரை அதற்கெல்லாம் ஓய்வு.

அன்று காலையில் நான் மாட்டுங்காவுக்குப் பூவும் வாழையிலையும் வாங்கப் போயிருந்தேன். கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வந்தால், யூனிட்டே கல்யாண வீடு மாதிரி இருந்தது. மெஷின்களெல்லாம் மின்னின. சரஸ்வதி படத்துக்கு முன்னால் கத்திரிகள், இஞ்ச் டேப், வீட்டு அரிவாள்மனை, காய் நறுக்குகிற கத்தி என்று எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எப்போதும் கேட்கிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் இல்லை.

மூலைக்குப் போனேன். என் அரிசி டப்பாவுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. உள்ளே வலை, கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி வெள்ளைவெளேர் என்று தொங்கியது.

“எப்படி மதினி? உங்க மெசினத்தான் மொதல்ல தொடச்சேன். சோப்புப் போட்டுத் தேச்ச தேயில ஏக்தம் புதுசு, புத்தம் புதுசு! எல்லாத்துக்கும் லீவு விட்டாச்சு, இதுக்கும்தான்,” என்றார் கொழுந்தன். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு வருஷமாகச் சாக்கடை என்று சொன்ன வாய், அன்றுதான் முதல்முறையாக அதை மெஷின் என்று சொன்னது.

எப்படித் திட்டுவேன்?

தொட்டியைப் பார்த்தேன். எல்லா மோட்டாரும் நின்றிருந்தன. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. எனக்குப் பதற்றம் வந்தால் கை தானாக வேலை பார்க்கும். அந்த டப்பாவின் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டிக்குள் திரும்பக் கூடாது என்று முதலில் அதைக் கழற்றி வெளியே எடுத்தேன். பிறகு அதன் மோட்டாரை வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, நேராகத் தொட்டிக்குள் இறக்கி, மேல் தண்ணீர் கலங்கும்படி திருப்பிவிட்டேன். தண்ணீரைச் சுத்தம் செய்ய மீன் கடையில் வாங்கி வைத்திருந்த கரியைப் பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் ஓடுகிற வழியில் தொங்கவிட்டேன். சோப்போ குங்குமமோ கசிந்திருந்தால் அது உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மீன்கள் கீழே இறங்கின.

ஆனால் பாசி? புதிதாக வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பச்சை முடி பவளத்தைப் போர்த்திவிடும்.

கடல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் மாட்டுங்காவைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். முகம் பார்த்ததில்லை. என் வலை விஷயத்தைப் படித்துவிட்டு அவரும் அப்படியே ஒன்று செய்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன்.

“சோப்பா போட்டுட்டார்? அந்த வலையைத் தூக்கிப் போடுங்கோ. எத்தனை அலசினாலும் நம்ப முடியாது. இப்படியே விட்டா தொட்டி போயிடும். நீங்க பதறாதீங்கோ, நான் வரேன்.”

பின்னால் நின்ற கொழுந்தனின் முகம் செத்துப்போயிற்று. “நான் கொன்னுட்டேனா மதினி?”

“இன்னும் இல்ல. டப்பாவ நல்லாக் கழுவுங்க, வெறும் தண்ணியில,” என்றேன். குனிந்த தலை நிமிராமல் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்த அக்கா பட்டுப் புடவையும் கையில் எவர்சில்வர் தூக்குமாக டாக்ஸியில் வந்து இறங்கினார். தூக்குக்குள் உப்புத் தண்ணீரில் சுருட்டி வைத்த வலை, அடர்ந்த பச்சை. பிரித்துப் பார்த்தால், முழு வலை!

“அக்கா, உங்க தொட்டிக்கு?”

“பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. ஆத்துல கத்திரி, கத்தி எல்லாம் பூஜையில இருக்கு, தொடப்படாது. நீங்க டெய்லராச்சே, இங்க வெட்டிக்கலாம்னு முழுசாக் கொண்டு வந்துட்டேன்.”

சொல்லிவிட்டு சரஸ்வதி படத்தின் பக்கம் பார்த்தார். அங்கே எங்கள் கத்திரிகளும் பூவோடு உட்கார்ந்திருந்தன. தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே பதில்தான் வரும். அங்கே அவருடைய தொட்டி வலையில்லாமல் காத்திருக்கிறது, இங்கே என்னுடையது. “கையால கிழிச்சுப் பாக்கலாமா?” என்றேன். கிழித்தால் பாசி உதிர்ந்துவிடும் என்று எனக்கே தெரியும்.

அப்போது கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முந்தின வருஷம், பூஜை வைத்த பிறகு பட்டன் நூலை அறுத்த ஒரு தையல்காரரை நாள் முழுக்கத் திட்டியவர். படத்துக்கு முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா, ஒரே ஒரு வெட்டு. திருப்பி வச்சிருதேன்,” என்று சொல்லி, பூவை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பெரிய கத்திரியை எடுத்தார்.

பட்டுத் துணியை வெட்டுகிற கவனத்தோடு வெட்டினார். பாசி ஓர் இழைகூட உதிரவில்லை.

“தனக்கு மிஞ்சித்தானேக்கா தானம்?” என்றேன்.

“பாசிக்கு அந்தப் பழமொழி செல்லாது. இது வெட்ட வெட்டத்தான் வளரும்,” என்று சிரித்துவிட்டு, ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு, தன் பாதியோடு டாக்ஸிக்கு ஓடினார் அந்த அக்கா.

வலையை மாட்டி லைட்டைப் போட்டேன். மீனுக்குத் தீனியைக் குறைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். பவளங்கள் மெதுவாக விரிந்தன. இரண்டு வீட்டிலும் பாதி வலைக்குப் பக்கத்தில் புது வலையைச் சேர்த்துத் தொங்கவிட்டோம். பாசி தானாக அதற்கும் தாவிப் படர்ந்தது. இப்போது வாராவாரம் சுரண்டுவது கொழுந்தன்தான். துணி கொடுக்க வருகிற சேட்டுகளை நிறுத்தி வைத்து, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி விளக்குவார். “மேல உள்ளத மட்டும் எடுக்கணும் சேட், வேர விட்டுரணும்!” நான் கண்டுகொள்வதில்லை.

அந்தப் பூஜைக்கு மறுநாள் காலை, படையலை எடுக்கும்போது கத்திரியைத் தொட்டுக் கும்பிட்டேன். அந்த வருஷம் எங்கள் வீட்டு ஆயுத பூஜை, ஓர் உயிருக்காகக் கொழுந்தன் அந்தப் பூவை ஒதுக்கிய நொடியில்தான் நிறைவேறியது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.