லூனட்டிக் என்று நான் எழுதிய கடிதம்

குளுவாங் ஸ்டேஷனில் தபால் பை வாங்கப் போனபோது போர்ட்டர் சொன்னார்: "கிராணியாரே, ஆஸ்பத்திரி சவரிமுத்து சார் போயிட்டாராம். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம்." பையைத் தூக்கிக்கொண்டு, நான் கணக்கெழுதும் ரப்பர் தோட்டத்துக்கு நடந்தேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டருக்கும் நம் ஜனங்களுக்கும் நடுவே மொழிபெயர்த்து ஓய்ந்தவர் அவர். உங்களில் பலர் அவரோடு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். பைத்தியத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவார். லூனட்டிக் என்றால் நிலாப் பிடித்தவன். கிரேஸி என்றால் விரிசல் விட்டது. டெலீரியம், லத்தீனில் உழவுசாலிலிருந்து ஏர் விலகுவது. "விலகுன ஏரைத் திருப்பி விட ஆள் வேணும், அவ்வளவுதான். இவங்க அதை மறந்துட்டுக் கதவைப் பூட்டிடுறாங்க" என்பார்.

எங்கள் தோட்டத்துக் காளியம்மாவின் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகனுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது அவள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு, அவன் எழுந்து நடக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டபோது பதில் இல்லை. துரை அதட்டியும் பேசவில்லை. "மேட்?", பைத்தியமா என்று என்னைக் கேட்டார். எனக்கு நேர்த்திக்கடனும் தெரியும், துரையின் கோபமும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். லூனட்டிக் என்று எழுதினேன்.

அங்கே அவள் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைக் கவனித்தவர் சவரிமுத்து மட்டுமே. பேரைச் சொன்னால் போதும், வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று டாக்டர் சொல்லியும் அவள் வாய் திறக்கவில்லை. மாதா கோயில் தவிர வேறு கோவில் வாசலை மிதிக்காத வேதக்காரர், லீவு போட்டு ரயிலேறி வந்து எங்கள் பூசாரியைக் கையோடு அழைத்துப் போனார். பூசாரி சொல்லச் சொல்ல டாக்டருக்கு இவர் மொழிபெயர்த்தார். ஒன்பதாம் நாள் காளியம்மா வீடு திரும்பினாள், பேசாமலேயே. மகன் பிழைத்துக்கொண்டான்.

மறுவாரம் சவரிமுத்து என் ஆபீசுக்கு வந்தார்.

"அது நேர்த்தின்னு உங்களுக்குத் தெரியாதாய்யா?"

"தெரியும் சார்."

"அப்ப இங்கிலீஷ்காரன் மேல நான் போட்ட பழியெல்லாம் வீண்" என்று எழுந்தார். "இதை ஃபைல்ல சேர்க்கல." என் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

என் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை. பின்பும் சேர்ந்து தேநீர் குடித்தோம். சொற்களைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் பேசியதே இல்லை. அந்தத் தண்டனை எனக்குப் போதவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடிதம்தான். காளியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நல்லாருக்கீங்களா கிராணியாரே?" என்று விசாரிக்கிறாள். எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது. இதை அச்சுக்கு அனுப்புமுன் அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.