நான்காம் விதியும் என் மூன்று சீட்டுகளும்

எங்கள் சபையின் ஜெபக் குழுவுக்கு ஆறு விதிகள் உண்டு. இரண்டாவது விதி: 'பெட்டியில் விழும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்காகவும் அந்த வெள்ளிக்கிழமையே ஜெபிக்க வேண்டும்.' நான்காவது விதி: 'பெயர் எழுதாத சீட்டு வாசிக்கப்படாது, தனிக் கோப்பில் வைக்கப்படும்.' இரண்டையும் எழுதியவள் நான். இரண்டாவதை ஆண்டவரை நினைத்து எழுதினேன். நான்காவதை சபையாராகிய உங்களை நினைத்து எழுதினேன்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒருமுறை யாரோ 'குடிக்கும் ஒரு சகோதரருக்காக' என்று பெயரில்லாமல் எழுதிப் போட்டார்கள். ஆமென் சொல்வதற்குள் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் பொதுமக்களின் புகார்களுக்குப் பதில் எழுதி ஓய்வு பெற்றவள் நான். மொட்டைக் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் அது தொடங்கியது. அப்போது அதற்கு என்னிடம் வேறு பெயர் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் என் ஃபிளாட்டின் ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போகும். முதல் ரயிலிலிருந்து எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். எழுந்து பல் துலக்கப் பதினொரு மணியாகும். தோசை சுடுவதை நிறுத்தினேன். மூன்று வேளையும் பிஸ்கட். தலை சீவுவது பெரிய வேலையாகத் தெரிந்தது.

காரணம் தேடினேன். கணவர் இறந்து ஏழு வருடமாகிவிட்டது. அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன். மகள் ஷா ஆலமில் நன்றாக இருக்கிறாள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. பென்ஷன் ஒழுங்காக வருகிறது. 'காரணம்' என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. காரணம் இல்லாத மனுவை நான் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்! என்னையும் அப்படியே திருப்பி அனுப்பினேன்.

ஜெபித்தேனா என்று கேட்பீர்கள். முழங்கால் போட்டேன். சொல் வரவில்லை. மனம் சோர்ந்து வந்தவர்களிடம், "விசுவாசம் குறைஞ்சிருச்சு, வேதம் வாசிங்க, சரியாயிடும்" என்று இதே வாயால் சொன்னவள் நான். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் நான்காவது ஞாயிறு ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். பெயர் எழுதவில்லை.

'1. ஒரு சகோதரிக்காக. 2. காலையில் கண் விழிக்க அவருக்கு விருப்பமில்லை. 3. ஆவன செய்ய வேண்டுகிறேன்.'

அந்த வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைத் திறந்தது யார்? சாவி என்னிடம்தானே இருந்தது. பதினொரு சீட்டுகள். விசா, முழங்கால் வலி, பரீட்சை, மீண்டும் முழங்கால் வலி. ஆறாவதாக என்னுடையது வந்தது. "பேரில்லாத சீட்டு ஒண்ணு இருக்கு" என்றேன். யாராவது, 'பரவாயில்லை, வாசிங்க' என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

"விதி நாலு" என்றார் குழுத் தலைவர், மிகவும் மரியாதையாக.

கோப்பில் வைத்தேன். பதிவேட்டில் 'பெயர் இல்லை. நடவடிக்கை இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன்.

அடுத்த வாரமும் ஒரு சீட்டு போட்டேன். அதற்கும் அதே கதி. மூன்றாவது சீட்டில் எண் போடவில்லை. 'இனி எழுதப்போவதில்லை' என்று மட்டும் எழுதினேன். பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி, ஏப்ரல் பதினொன்று, அதையும் கோப்பில் வைத்தேன். கூட்டம் முடிந்ததும் பெட்டியின் சாவி, பதிவேடு, கோப்பு மூன்றையும் ரூபியிடம் கொடுத்தேன். மகள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போகிறேன் என்றேன். பொய். பொறுப்பை ஒப்படைக்காமல் போவது எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ரூபியைத் தெரியாதவர்களுக்காக: போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை செய்பவள். வேலை முடிந்து ரயிலேறி வந்து ஜெபத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். அதைப் பற்றி நான் இரண்டு முறை எச்சரித்திருக்கிறேன், ஒரு முறை எழுத்து மூலமாக.

மறுநாள் காலை என் கதவு உடைந்துவிடும்போல் தட்டும் சத்தம்.

"அக்கா! கதவத் திறங்க! திறக்கலன்னா கத்துவேன், மாடி முழுக்க கேக்கும்."

திறந்தேன். கையில் மூன்று சீட்டுகளோடு நின்றாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு ஆண்டவருக்கு எழுதுற ஆளு நம்ம சபையில வேற யாரு லா? ஆவன செய்யணுமாம்!" சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் கோணிவிட்டது.

"இன்றைக்கு உனக்கு வேலை இல்லையா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"எம்.சி. போட்டேன், மெடிக்கல் லீவு. யாருக்கு உடம்பு சரியில்லன்னு அவங்க கேக்கல." உள்ளே வந்து, மேசையில் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தாள். "அந்தக் கோப்ப ஏன் முதல்ல திறந்தேன் தெரியுமாக்கா? அதுல என் சீட்டும் இருக்கு. மூணு வருசத்துக்கு முன்னால போட்டது. நானும் பேர் போடல."

என்ன எழுதியிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. பின்னால் அந்தக் கோப்பில் தேடிப் பார்த்தேன். என்னுடையதும் அவளுடையதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கும் பதிவேட்டில் 'நடவடிக்கை இல்லை' என்று என் கையெழுத்தே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதது இரண்டு முறை: அன்று கதவருகே, பிறகு அந்தக் கோப்பின் முன்னால்.

திங்கட்கிழமை அவளே என்னை கவர்மெண்ட் கிளினிக்குக் கூட்டிப்போனாள். மனநிலை பற்றி ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். எந்தப் பதிலுக்கு என்ன நடக்கும் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. வரிசையாக 'இல்லை, இல்லை' என்று குறித்தேன். ரூபி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது பாஸாகுற பரீட்சை இல்ல. இன்னொரு தாள் வாங்கிட்டு வரேன். உண்மைய எழுதுங்க."

எழுதினேன். டாக்டர் வாசித்துவிட்டு, "எவ்ளோ நாளா இப்படி, ஆன்டி?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர் சொன்னார். காரணம் என்ன என்று கேட்கவே இல்லை.

மாத்திரை போட்டதும் விடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஏப்ரல் போனது. மே மாதம் முழுக்க ரயில்களை எண்ணினேன். ஈஸ்டர் பாடலுக்கு வாயசைத்ததோடு சரி. ஜூனில் மருந்தை மாற்றினார்கள். மகளிடம் சொன்னேன். அவள் கோபப்பட்டாள், பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்தாள். ரூபி சனிக்கிழமைதோறும் வந்து, என் சோபாவில் தூங்கிவிட்டுப் போனாள். வேதம் வாசிக்கச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் ஒருத்தி குறட்டை விடுவது எத்தனை பெரிய ஆறுதல் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

நான்காம் விதியை ரத்து செய்யும் தீர்மானத்தை நானே எழுதிக் கொடுத்தேன். கோப்பில் இருந்த எல்லாச் சீட்டுகளுக்காகவும் ஒரே வெள்ளியில் ஜெபித்தோம். பல வருடம் தாமதம். ஆண்டவரிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். எழுதியவர்களிடம் கேட்கத்தான் வழியில்லை. அவர்களில் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து என் கதவைத் தட்டுங்கள்.

நான் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். கெட்ட காலைகள் இன்னும் வருகின்றன. ஆனாலும் சொல்கிறேன்: எண் போட்டோ போடாமலோ, பெயரோடோ பெயரில்லாமலோ, எழுதிப் போடுங்கள். அதே வாரம் கிளினிக்குக்கும் போங்கள். எனக்கு ஆண்டவர் இரண்டு வழியாகவும்தான் வந்தார். ஒரு வழியை நானே பூட்டி வைத்திருந்தேன்.

பதிவேட்டில் என் முதல் சீட்டின் வரிசையில் பதிலுக்கான இடம் இன்னும் காலியாக இருந்தது. கதவு தட்டிய நாள்தான் பதில் வந்த நாள் என்று ரூபி சாதித்தாள். இல்லை, அது கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை, பதில் வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தவள் நான். ஒரு காலை முதல் ரயிலுக்கு முன்பே கண் விழித்தேன். காப்பி குடிக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்தேன். குடித்து முடித்த பிறகுதான் ரயில்களை எண்ணவில்லை என்பது நினைவுக்கு வந்தது. 'நடவடிக்கை இல்லை' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்:

பதில் கிடைத்த நாள்: ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை.