சுண்ணாம்புக் கோட்டைத் தொட்ட குண்டு

நைனா ஒல்லாந்து வெள்ளைக்காரர் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, கடல் தாண்டிப் பத்தாவிக்குப் போனார். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்கள் குப்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. பொழுது ஏறினால் ஏரியிலிருந்து படகுகள் வரும். மற்ற பிள்ளைகள் மீன் பிரிக்க அவரவர் அப்பாவின் படகுக்கு ஓடுவார்கள். எனக்கு ஓட எந்தப் படகும் இல்லை. வெறுங்கூடையோடு கரையில் நிற்பேன்.

"நைனா எப்ப வருவாரு?" என்று கேட்டுக் கேட்டு வீட்டில் இருந்தவர்களின் உயிரை வாங்கினேன். நைனாவின் தம்பி, என் சித்தப்பா, ஒல்லாந்தர் கோட்டையில் சுண்ணாம்பு சுமக்கிறவர். "காத்து திரும்பினா வந்துடுவாரு" என்பது அவருடைய வழக்கமான பதில். ஒரு நாள் அதைச் சொல்லவில்லை. கோட்டையில் கழித்துப் போட்ட சின்ன இரும்புக் குண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். உடைந்த படகின் பலகைகள் இரண்டை எதிரெதிரே சரித்து நிறுத்தி, அடியில் அவை சேரும் இடத்தைக் களிமண்ணால் வழவழவென்று பூசினார். இரண்டிலும் ஒரே உயரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுலருந்து வுடு. தள்ளக் கூடாது. எதிர்க் கோட்டைத் தொட்டுச்சுன்னா அன்னிக்கு நைனா வருவாரு."

குண்டு இறங்கும், எதிர்ப் பலகையில் ஏறும், கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்று திரும்பிவிடும். நாள் முழுக்க விட்டேன். என்னோடு விளையாட அது ஒன்றுதான் இருந்தது.

எங்கள் ஆட்கள் படகைக் கரையேற்றும்போது அடியில் போடும் கட்டைக்கு மீன் எண்ணெய் தடவுவார்கள். நானும் அம்மாவுக்குத் தெரியாமல் எண்ணெய் எடுத்து, ஏறுகிற பலகையில் தடவினேன். குண்டு முன்னைவிடக் கீழேயே நின்றுவிட்டது. வழுக்குகிற பலகையில் பிடிப்பில்லாமல் தன்னையே சுற்றிச் சுற்றி, ஏற வேண்டிய வேகத்தை வீணாக்கியது. படகு வழுக்கினால் போதும், உருளுகிற குண்டுக்குப் பிடிப்பு வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? வந்துகொண்டிருந்த நைனாவை நானே திருப்பி அனுப்பிவிட்டேன் என்று ஓவென்று அழுதேன்.

அம்மா வந்து என்னவென்று கேட்டாள். பலகையைச் சாம்பல் போட்டுத் துடைத்தாள். "இப்பிடிக் குடு, நான் வுடறேன்" என்று குண்டை வாங்கினாள். விடும்போது கொஞ்சம் தள்ளியும்விட்டிருக்கிறாள். அது என் கண்ணில் படவில்லை. குண்டு கோட்டைத் தொட்டது, தாண்டியும் போனது. நான் குதித்த குதியில் அம்மாவும் சிரித்துவிட்டாள். நைனா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்ததும் ஓடினேன். "தொட்டுச்சு சித்தப்பா! நைனா வர்றாரு!"

அம்மா உள்ளிருந்து, "ஆமாப்பா, அவருக்கும் சேத்துதான் உலை வச்சிருக்கேன்" என்றாள், அதே சிரிப்போடு.

சித்தப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். "அது தொடாது அண்ணி. தொடவே தொடாதுன்னுதான் குடுத்தேன்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

நைனா இனி வரமாட்டார் என்று கோட்டைக்கு வந்திருந்த சேதியை அவர் எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தாரோ, எனக்கு என்ன தெரியும்? தோற்றுப்போனதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டு, "அடுத்த தபா நீ ஜெயிச்சதா வச்சிக்கலாம் சித்தப்பா" என்று சமாதானம் சொன்னேன்.